வலது பக்கத் துடைப்பம்

சங்னே,
ஏப்ரல் 9

ஹேசொலுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கி இரண்டு தாள்களை வீணாக்கிவிட்டேன். மூன்றாவது தாளில் வெறும் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். நலமா என்று கேட்கிறேன். மரியாதைக்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். உன் பயிற்சி முகாம் இருக்கும் கனடாவில் இன்னும் உறைபனி என்று செய்தியில் சொன்னார்கள். குளிரில் உன் இடது முழங்கால் மடங்க மறுக்கும். பயிற்சிக்குப் போகும்போது உள்ளே கம்பளித் துணியைச் சுற்றிக்கொள்.

இங்கே பிளம் பூக்கள் உதிர்ந்துவிட்டன. இலந்தை மரங்கள் மட்டும் ஊரெல்லாம் பச்சையான பிறகு பார்க்கலாம் என்று வழக்கம்போல் மொட்டையாக நிற்கின்றன. ஊர் நுழைவாயிலில் மாவட்ட அலுவலகம் கட்டியிருந்த பெரிய பதாகையைப் போன வாரம் இறக்கினார்கள். 'எங்கள் இலந்தைப் பெண்களே, உலகை வெல்க' என்று எழுதியிருந்ததே, அது. மறுநாள் புதிதாக ஒன்று ஏறியது. ஓர் அணியாக நீங்கள் நால்வரும் நின்ற அதே படம்தான், ஆனால் அதில் மூவர் மட்டுமே இருக்கிறீர்கள். யேவோன் நின்ற இடத்தில் காய்த்துத் தொங்கும் ஒரு இலந்தைக் கிளையை வரைந்து வைத்திருக்கிறார்கள். என் மகள் அதைப் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, "கிளை நல்லாத்தான் இருக்கும்மா, என்னைவிட நல்லா நிக்குது" என்றாள். சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட அன்றுதான் உனக்கு எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதை எழுத்தில் நீ இதுவரை படித்திருக்க மாட்டாய்.

மார்ச் மாதம் நார்வேயில் உலகக் கர்லிங் போட்டியின் அரையிறுதி, பனித்தளத்தில் கல்லை வழுக்கவிடும் உங்கள் விளையாட்டு. கடைசிச் சுற்று, நம் அணியின் கடைசிக் கல். அது வட்டத்தின் நடுவில் போய் நின்றால் நீங்கள் இறுதிப் போட்டியில். எறிந்தவள் பின்னாலிருந்து கத்துகிறாள், நீயும் யேவோனும் கல்லுக்கு முன்னால் குனிந்து பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடுகிறீர்கள். அவள் இடப்பக்கம், நீ வலப்பக்கம். கல் வட்டத்தை நெருங்கும்போது யாருடைய துடைப்பமோ அதில் பட்டுவிடுகிறது. நடுவர் பார்க்கவில்லை. எதிரணியும் பார்க்கவில்லை. யேவோன் கையைத் தூக்குகிறாள். 'நான் தொட்டுவிட்டேன்' என்கிறாள். விதிப்படி எதிரணி அந்தக் கல்லை வெளியே எடுக்கிறது. ஒரே ஒரு புள்ளியில் தோற்கிறீர்கள்.

உங்கள் விளையாட்டில் குற்றம் செய்தவளே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு விளையாட்டில் பெரிய ஈடுபாடு கிடையாது என்பது உனக்குத் தெரியும். யேவோன் தேசிய அணிக்குத் தேர்வானபோது அவள் சித்தப்பா, "வீட்ல ஒரு நாள் பெருக்காத பொண்ணு, உலகம் பூரா பெருக்கப் போறாளாம்!" என்று சொல்லிச் சிரித்தார். அன்று அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: விசில் ஊத ஆள் இல்லாமலே நேர்மையாக நடக்கிற விளையாட்டு வேறு எது, சொல்லுங்கள் பார்ப்போம். அதைச் சொன்னதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

தோற்ற மறுநாள், போட்டிக்கு வந்திருந்த எல்லா நாட்டு வீராங்கனைகளும் வாக்களித்து யேவோனுக்கு நேர்மைக்கான பதக்கம் கொடுத்தார்கள். மேடையில் நீ அவளுக்கு அருகில் நின்று கைதட்டினாய். அதே நேரத்தில் நம் நாட்டில் அவளுடைய கையை வெட்ட வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பதக்கம் வந்திருக்கும், யாருக்கு வேண்டும் இவளுடைய நேர்மை என்றும் எழுதினார்கள். அப்புறம் விமான நிலையம். அங்கே நீ செய்தியாளர்கள் முன்னால் தொண்ணூறு பாகை குனிந்து சொன்னதை நான் மனப்பாடமாகச் சொல்வேன்: "இளையவ செஞ்ச தப்புக்கு மூத்தவளா நானும் பொறுப்பு. அவளைத் திட்டாதீங்க, என்னைத் திட்டுங்க." எவ்வளவு நல்ல அணித்தலைவி என்று நாடே உருகியது. எங்கள் ஆய்வுக்கூடத்து வரவேற்பில் இருக்கும் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அன்று உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். இதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் என் கோபத்தில் பாதி அந்தப் பெருமைக்காகத்தான்.

யேவோனின் அந்தப் பதக்கத்தை நான் அரிசி டப்பாவில் கண்டேன். அளவுக் கிண்ணத்தை உள்ளே விட்டபோது அடியில் ஏதோ இடித்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றி, நாடாவை இறுக்கக் கட்டி, அடியாழத்தில் புதைத்து வைத்திருந்தாள். தோல்விக்கு வெட்கப்படுகிறவள் தோல்வியைத்தான் ஒளிப்பாள். நேர்மைக்குக் கிடைத்த பதக்கத்தை ஏன் ஒளிக்க வேண்டும்?

நான் கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நுண்ணோக்கியில் கண்ணாடித் தகடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள். நோய் என்று என் கையெழுத்து விழுந்தால் ஒரு தொழுவத்து மாடுகளையே கொன்று குழியில் தள்ளுவார்கள். அதனால் யார் சொன்னாலும் நம்புவதில்லை, என் கண்ணாலேயே மூன்று முறை பார்த்த பிறகுதான் நம்புவேன். அந்தக் கடைசிக் கல்லின் வீடியோவை, மேலிருந்து எடுத்த கோணத்தில், மதிய இடைவேளையில் ஆய்வுக்கூடத்துப் பெரிய திரையில் போட்டு ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். மூன்று முறை இல்லை, முப்பது முறை.

யேவோனின் துடைப்பத் தலை மஞ்சள். உன்னுடையது சிவப்பு. மஞ்சள் துடைப்பம் கல்லுக்கு நான்கு விரற்கடை முன்னால், இடப்பக்கம் இருக்கிறது. சிவப்புத் துடைப்பம் கல்லின் வலது விளிம்பில் படுகிறது. கல்லின் சுழற்சி ஒரு கணம் தடுமாறுகிறது. அதற்குப் பிறகு இரண்டு விநாடிகள். அந்த இரண்டு விநாடிகளில் யேவோன் உன்னைப் பார்க்கிறாள். நீ கல்லைப் பார்க்கிறாய். அவள் இன்னும் உன்னைப் பார்க்கிறாள். நீ இன்னும் கல்லைப் பார்க்கிறாய். பிறகு அவள் கை மேலே போகிறது. நீ நிமிர்ந்து அவள் முதுகில் தட்டுகிறாய்.

உனக்குத் தெரியாமல் பட்டிருக்கலாம் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். ஆனால் தெரியாதவள் திரும்பி, 'நீ எப்படித் தொட்டாய்?' என்று கேட்டிருப்பாள். நீ கேட்கவில்லை. தட்டினாய்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, அவள் அப்பா கடையை மூடிவிட்டு வருவதற்குள், யேவோனை அடுக்களையில் உட்கார வைத்துக் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று அரை மணி நேரம் வெங்காயத்தாளை நறுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு மாதத்துக்குத் தேவையானதை நறுக்கிவிட்டாள். பிறகு சொன்னாள்: "நான் எப்படிம்மா அக்காவைப் பார்த்து 'நீ தொட்டுட்டே'ன்னு சொல்லுவேன்? அத்தனை கேமரா இருக்கு."

"அப்போ நீயும் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏதோ அசிங்கமான வார்த்தை பேசியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "கல்லுல பட்டுச்சேம்மா! பட்டுச்சுன்னா யாராவது சொல்லித்தானே ஆகணும்?" என்றாள்.

ஹேசொல், அந்த இரண்டு விநாடிகளில் என் மகளுக்கு முன்னால் இருந்தவை இந்த இரண்டு சட்டங்கள்தாம். கல்லைத் தொட்டால் சொல்ல வேண்டும். மூத்தவளின் தவறை இளையவள் வாயால் சொல்லக் கூடாது. இரண்டையும் மீறாமல் வெளியே வர ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதில் அவள் நுழைந்துவிட்டாள். கூட விளையாடிய வேறு நாட்டுப் பெண் எவளும் இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்திருக்க மாட்டாள். அவள் உன் பெயரைச் சொல்லிக் கையைக் காட்டியிருப்பாள், அதோடு முடிந்திருக்கும். நம் பிள்ளைகள்தாம் இப்படிச் செய்வார்கள். நாம் செய்ய வைத்திருக்கிறோம்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று யேவோன் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதை நான் மீறவில்லை. தெரியாதவருக்குச் சொன்னால்தான் அது சொல்வது. உனக்கு முதலிலிருந்தே தெரியும்.

அவள் எழுதிய மன்னிப்புக் கடிதத்தை நீ இணையத்தில் பார்த்திருப்பாய். கைப்பட எழுத வேண்டும், படம் எடுத்துப் போட வேண்டும் என்று விளையாட்டுச் சங்கத்திலிருந்து உத்தரவு. மூன்று பக்கம் எழுதினாள். பயிற்சியாளர் மோ இரண்டு முறை திருப்பி அனுப்பினார். கடைசியில் வெளியானதைப் படித்துவிட்டு ஒருவர் என்ன எழுதினார் தெரியுமா? கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கிறதே, உண்மையாக வருந்துகிறவளுக்குக் கை நடுங்காதா என்று. அதனால் நான்காவது கடிதம் வேண்டுமாம். இதற்காக உங்கள் பயிற்சியாளர் ஒரு பெட்டி பேரிக்காயோடு என் வீட்டுக்கே வந்தார்.

"அம்மா, கோச்சுக்காதீங்க. 'மனமார'ங்கிற வார்த்தை மூணு பக்கத்துல ஒரு தடவைதான் வருது. பத்தொன்பதாம் தேதி மாவட்டக் குழு கூடுது. அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் உருக்கமா ஒண்ணு எழுதிட்டா, பிள்ளையை அணி வேலையில வெச்சுக்கச் சொல்லி நானே பேசுவேன்" என்றார்.

"வீடியோவைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

பேரிக்காய்ப் பெட்டியின் ரிப்பனை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். "பார்த்து என்னங்கம்மா ஆகப்போகுது? பிள்ளையே கையைத் தூக்கிடுச்சே" என்றார்.

ஆக, அவருக்கும் தெரியும். பேரிக்காயை அவர் காரிலேயே திரும்ப வைத்துவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டு அரசு வேலையில் நான் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. கார்க் கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டேன். அவர் விரல் தப்பியது.

பத்தொன்பதாம் தேதி என்ன முடிவாகும் என்பதை உனக்கு விளக்க வேண்டியதில்லை. மாவட்ட அணியிலிருந்து நீக்கிவிட்டால் ஜூன் மாதத் தேசியத் தேர்வில் அவள் நிற்கவே முடியாது. இருபத்துமூன்று வயதில் அவள் ஆட்டம் முடிந்துவிடும். பதினேழு வயதில் ஃபின்லாந்துக்குப் போனாளே, முதல் வெளிநாட்டுப் பயணம், நினைவிருக்கிறதா? உன் பையையும் அவள் பையையும் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்து போனாள். அதற்குப் பிறகு ஆறு வருடங்களில் பதினோரு நாடுகள். எல்லா இடத்திலும் முதல் இரண்டு கல்லை எறிபவள், யாருக்கும் நினைவிருக்காத கற்களை எறிபவள். மற்றவர்களுடைய கற்களுக்காகத் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை இறங்கியவள். உங்கள் சீருடைகளைத் துவைத்ததும் அவள்தான். இப்போது அப்பாவின் கடையில் டிராக்டர் உதிரிபாகங்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருக்கிறாள். கழுவும்போதும் அதே குனிவு, அதே வேகம். அவள் அப்பா பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

நீ அவளுக்கு அனுப்பிய செய்தியையும் பார்த்தேன். 'நல்லா சாப்பிடு, தைரியமா இரு' என்று இரண்டு வரி, கீழே ஒரு முயல் குனிந்து வணங்குகிற படம். அந்த முயலுக்காவது உண்மையில் எதற்குக் குனிகிறோம் என்று தெரிந்திருக்கிறதா?

உன் பக்கத்தையும் யோசித்துப் பார்த்தேன். இருபத்தெட்டு வயது, தேய்ந்த முழங்கால், இனி ஒரே ஒரு ஒலிம்பிக்தான் மிச்சம். அந்த நொடியில் உனக்கு உடம்பெல்லாம் உறைந்திருக்கும். இரண்டு விநாடி உறைந்ததை நான் மன்னித்துவிடுவேன். ஆனால் நம் விமான நிலையத்தில் வந்து இறங்குவதற்குள் பயணத்தில் மட்டும் உனக்குப் பதினான்கு மணி நேரம் இருந்தது. அந்தப் பேச்சை நீ விமானத்தில் உட்கார்ந்து தயாரித்திருக்கிறாய். ஒருவேளை, பக்கத்து இருக்கையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். இது எனக்கு எதிரானது.

உன் அம்மா இறந்து, நீ எங்கள் வீட்டில் சாப்பிடத் தொடங்கிய வருடத்துக்கு அடுத்த வருடம். உனக்குப் பத்தொன்பது, யேவோனுக்குப் பதினான்கு. எங்கள் மொட்டை மாடியில் விழுது புளிக்க வைத்திருந்த ஜாடிகளுக்கு நடுவே அவளுக்குத் தேய்க்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று துடைப்பத்தை வீசினாய். சோயா விழுது ஜாடி உடைந்து, விழுது தரையெல்லாம் வழிந்தது. நான் மேலே வந்தபோது யேவோன் முந்திக்கொண்டு, "நான்தாம்மா, நான்தான்!" என்றாள். அவள் காலுறை வெள்ளையாக இருந்தது. உன்னுடையதில் பழுப்புக் கறை. நான் பார்த்தேன், ஹேசொல். தகடு பார்க்கிற கண் எனக்கு அன்றும் இருந்தது. தாயில்லாத பெண்ணைத் திட்ட வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டில் யேவோனின் தட்டில் ஒரு துண்டு மீனைக் கூடுதலாக வைத்தேன். அவளுக்கு அது என்ன சொல்லியிருக்கும்? உனக்கு என்ன சொல்லியிருக்கும்? அந்த மீன் துண்டுதான் நார்வேயில் போய் நின்றது. இதை யோசிக்கும்போது யார்மேல் கோபம் என்று எனக்கே குழப்பமாகிவிடுகிறது. குழப்பத்தால் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்கிறது.

இப்போது நான் கேட்பதைச் சொல்கிறேன்.

குளிர்பதனப் பெட்டிமேல் ஒரு செய்தியாளரின் முகவரி அட்டை ஒட்டியிருக்கிறது. வீடியோவை அந்தப் படங்களோடு அவருக்கு அனுப்ப எனக்குப் பத்து நிமிடம் போதும். அனுப்ப மாட்டேன். உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. அனுப்பினால் நீ பிடிபட்டவளாகிவிடுவாய். சொன்னவளாக இருக்கும் வாய்ப்பு உனக்கு இல்லாமலே போய்விடும். அதை உன்னிடமிருந்து பிடுங்க நான் யார்? மகளுக்காகவும்தான். மூத்தவளைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் அவளுக்கு வந்துவிடும். அதிலிருந்து தப்பத்தான் அவள் இவ்வளவும் செய்தாள்.

நீ இருபதாம் தேதி ஊர் திரும்புவதாகச் சொன்னார்கள். அதற்கு முந்தின நாள் குழு கூடுகிறது. தற்செயலாக இருக்கலாம், நம்ப முயல்கிறேன். இந்தக் கடிதம் விரைவு அஞ்சலில் ஐந்து நாளில் உன் கைக்கு வரும் என்றார்கள். குழுவுக்கு மூன்று பக்கம் வேண்டாம். கைப்பட வேண்டாம், படம் வேண்டாம், குனிய வேண்டாம். 'மனமார' ஒரு தடவைகூட வேண்டாம். 'கல்லில் பட்டது வலது பக்கத் துடைப்பம், என்னுடையது' என்று ஒரே வரி. பெயர், தேதி. அவ்வளவுதான். யேவோனும் பொய் சொன்னதற்கு அவள் பங்கைச் சொல்லட்டும். அந்தப் பதக்கத்தை அவள் திருப்பி அனுப்பட்டும், நானே அஞ்சலகத்துக்குக் கூட்டிப்போகிறேன். அரிசி டப்பாவில் இருப்பதைவிட அது நல்லது.

நீ எழுதாவிட்டால் நான் ஒன்றும் செய்ய மாட்டேன். அதையும் தெரிந்துகொண்டே முடிவு செய்.

கடைசியாக ஒன்று. எங்கள் அடுக்களை இழுப்பறையில் பத்து வருடமாக உன் கரண்டியும் சாப்பாட்டுக் குச்சிகளும் இருக்கின்றன, கைப்பிடியில் மீன் உருவம் பொறித்தவை. முந்தாநாள் கோபத்தில் அவற்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றிவிட்டேன், இந்தக் கடிதத்தோடு அனுப்பிவிடலாம் என்று. நேற்றுக் காலை யேவோன் சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்க வந்தவள் இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா கரண்டி எங்கம்மா?" என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் காகிதத்தைப் பிரித்து, கழுவித் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்சலில் எள்ளிலை ஊறுகாய் வைத்திருக்கிறேன். அங்கே கிடைக்காது என்று தெரியும். உப்பு கொஞ்சம் தூக்கல். போட்டபோது மனம் சரியாக இல்லை. சோற்றோடு சாப்பிடு. முழங்காலைப் பார்த்துக்கொள். எறிகிற கை நிதானமாக இருக்கட்டும். சாப்பிட்டு முடித்த பிறகு, பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கேமரா இல்லாத இடமாகப் பார்த்து, ஒரு தடவை கையைத் தூக்கிப் பார், ஹேசொல். கனமாக இருக்காது. உன்னைவிட ஐந்து வயது சின்னவள் தூக்கியிருக்கிறாள்.

இப்படிக்கு,
பத்து வருடம் உனக்குச் சோறு போட்டவள்,
குக் ஜொங்ஹீ